பின்னால் அமர்ந்தவரின் எடை

ஆண்டுதோறும் நினைவுச் சைக்கிள் பயணத்தின் முதல் நாளன்று, ஆறாவது கிலோமீட்டரில் உள்ள ஆற்றுப்பாலத்தில், தராசுக்காரர் குனிந்து தம் காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டுவார். கயிறு ஒருபோதும் அவிழ்ந்திருந்ததில்லை. குனிந்த வாக்கில் இடக்கையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோய், டியூப் வால்வின் திருகைத் தளர்த்தி, மனத்துக்குள் ஏழு எண்ணி, மீண்டும் முடுக்குவார். காற்று சீறி வெளியேறும் ஓசை ஆற்றின் இரைச்சலில் அடங்கிவிடும். அவர் நிமிரும்போது அவருடைய பின்சக்கரமும் மற்றவர்களுடையதைப் போலவே தரையில் பரவி அமுங்கியிருக்கும். மற்றவர்களின் சக்கரங்கள் அமுங்குவதற்குக் காற்று காரணமன்று. அவர்களுடைய இறந்தவர்கள் அந்தப் பாலத்தில்தான் வந்து ஏறிக்கொள்வார்கள்.

பயணம் தொடங்கிய கதை சுருக்கமானது. மருத்துவமனையின் டயாலிசிஸ் அறையில் மூன்று இயந்திரங்கள் இருந்தன. முறை கேட்டு நின்றவர்கள் நாற்பத்திரண்டு பேர். ஒரு கட்டில் காலியாக வேண்டுமானால் அதில் கிடந்தவர் குணமாக வேண்டும், அல்லது போய்ச் சேர வேண்டும். குணமானவர் என்று அந்த அறையின் பதிவேட்டில் ஒருவரும் இல்லை. அங்கே தலைமைச் செவிலியாக இருந்தவரை எல்லாரும் பெரிய சிஸ்டர் என்று அழைத்தார்கள். அவர் இறந்தவர்களின் வீட்டாரைத் திரட்டி, மருத்துவமனை வாசலிலிருந்து கடலோரக் கலங்கரை விளக்கம் வரை முந்நூற்றுப் பத்து கிலோமீட்டரை நான்கு நாளில் சைக்கிளில் கடப்பது, தம்மவர் பெயர் எழுதிய அட்டையை இருக்கைக்கு அடியில் கட்டிக்கொள்வது, வழியெங்கும் புதிய இயந்திரங்களுக்காக நன்கொடை திரட்டுவது என்று ஏற்பாடு செய்தார். முதல் ஆண்டில் பத்தொன்பது பேர் கிளம்பினார்கள். பாலத்தின் நடுவில் பதினெட்டுப் பேரின் பின்சக்கரம் ஒரே கணத்தில் அமுங்கியது. பஞ்சர் பார்க்க லாரியில் உடன் வந்த சைக்கிள் கடைக்காரரை எல்லாரும் காற்று மாமா என்பார்கள். அவர் டியூப்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தார்; ஒரு குமிழிகூட எழவில்லை. "ஓட்டை இல்லம்மா, ஆள் ஏறியிருக்கு" என்று தட்டச்சுக்காரி ஒருத்தியிடம் சொல்லிவிட்டு அடுத்த சைக்கிளுக்குப் போனார். அவள் தலையை மட்டும் அசைத்தாள். அதற்கு முன்பே அவளுடைய தாயின் கை அவள் இடுப்புத் துணியைப் பற்றியிருந்தது.

விதிகள் தாமாகவே அமைந்தன. திரும்பிப் பார்த்தால் வெறும் கேரியர்தான் தெரியும். இறந்தவர்கள் பேசுவதில்லை, ஆனால் இருந்த காலத்துச் சின்னப் பழக்கங்களை விடுவதும் இல்லை. ஒருவர் விரலால் இருக்கையில் தாளம் போடுவார். ஒருவர் பள்ளம் வந்தால் மகனின் சட்டையைப் பிடித்து இழுப்பார். தம் மனைவி இறக்கத்தில் இரண்டு கால்களையும் நீட்டிக்கொண்டு சமநிலையைக் கெடுக்கிறாள் என்று வங்கிக் காவலாளி குறைப்பட்டுக்கொண்டார். ஒருவர் ஒரு சைக்கிளில்தான் ஏறுவார். தந்தைக்காக வந்த மூன்று சகோதரர்களில் கடைக்குட்டியின் சக்கரம் மட்டும் அமுங்க, மூத்தவர்கள் இருவரும் மறு ஆண்டு வரவில்லை. எடை என்பது கடைசி நாளன்று இருந்த எடை. நான்கு மாதக் குழந்தைக்காக வந்த அச்சகத் தொழிலாளியின் சக்கரத்தில் மாற்றமே தெரியவில்லை. காற்று மாமா கட்டைவிரலால் டயரை நெடுநேரம் அழுத்திப் பார்த்து, "இருக்கு, இருக்கு" என்றார். அந்தத் தந்தை தம் போர்வையை நாலாக மடித்துக் கேரியரில் விரித்துக் கட்டினார். சைக்கிளை லாரியில் ஏற்றினால் இறந்தவர் இறங்கி அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். நான்காம் ஆண்டில் காய்ச்சல் கண்ட நீதிமன்ற எழுத்தர் ஒருவர் லாரியில் ஏறிவிட்டார். அவருடைய தாயார் ஓராண்டு முழுவதும் ஒரு பெட்ரோல் பங்கின் ஓரத்தில் நின்றார். அங்கு வேலை பார்த்தவர்கள் வெயில் ஏறும் நேரத்தில் அந்த இடத்தில் ஒரு குடையை விரித்து வைத்தார்கள்.

ஆகவே இரண்டாம் ஆண்டு முதல் பெரிய சிஸ்டர் பதிவுப் படிவத்தில் 'பின்னால் வருபவரின் எடை' என்று ஒரு கட்டம் சேர்த்தார். காற்று மாமா தடித்த டயர்களும் கனத்த ஸ்போக் கம்பிகளும் கொண்டுவந்தார். பாலம் தாண்டியதும் ஒவ்வொருவரிடமும் போய், "எத்தனை கிலோ?" என்று காய்கறி நிறுப்பவரைப் போலக் கேட்டு, அதற்குத் தக்கபடி காற்றடிப்பார்.

அந்தக் கட்டத்தைத் தராசுக்காரரைப் போலத் துல்லியமாக நிரப்பத் தகுதியுள்ளவர் வேறு யாருமில்லை என்றே எல்லாரும் நினைத்தார்கள். கடைகளின் தராசுகளைப் பழுதுபார்த்து, எடைக்கற்களின் குழியில் ஈயம் வார்த்துச் சரிசெய்து, ஆய்வாளரின் முத்திரைக்கு ஆயத்தமாக்குவது அவர் தொழில். ஒரு கல்லில் ஐம்பது கிராம் குறைந்தாலும் கையில் எடுத்தவுடன் சொல்லிவிடுவார். லாரிப் பட்டறையில் வெல்டராக இருந்த அண்ணனைத் தவிர அவருக்கு நெருங்கிய உறவு இல்லை. மணம் செய்துகொள்ளாமல் கடைக்கு மேலேயே ஓர் அறையில் இருந்தார். சாப்பாடு அண்ணன் வீட்டில். அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன என்று தெரிந்தபோது, உடன்பிறந்தவருடையது பெரும்பாலும் பொருந்தும், இரத்தம் கொடுத்துப் பாருங்கள் என்று மருத்துவர் தேதி குறித்துக் கொடுத்தார். அந்தத் தேதியில் தராசுக்காரர் குளித்து, வெளுத்த சட்டை அணிந்து புறப்பட்டார். பேருந்து நிலையம் வரை போனார். அங்கே சிமெண்ட் பெஞ்சில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்து, பொருந்தவில்லையாம் என்றார். கத்தி என்றால் அவருக்கு அச்சம். அதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. "அதுக்கு நீ என்ன பண்ணுவ, தம்பி? எழுந்து சாப்பிடு" என்று அண்ணி தட்டை எடுத்து வைத்தாள். ஒன்பதாம் வகுப்பில் அவர் அரைக்கால் சட்டையோடு திரிந்தபோது மருமகளாக வந்தவள் ஆதலால் அவரை ஒருமையில்தான் அழைப்பாள். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பதினாறு மாதம் இருந்து, இறந்தார். கடைசி மூன்று மாதம் தராசுக்காரர் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. சந்தைத் தராசுகளை ஆய்வாளர் எடுத்துச் சென்றுவிட்டார், வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று சொல்லி அனுப்பினார்.

முதல் பயணத்தில் அமுங்காமல் நின்ற அந்த ஒரே சக்கரம் அவருடையது. அண்ணன் எதற்கும் தாமதமாக வருகிறவர், அடுத்த வளைவில் ஏறுவார் என்று முதலில் எண்ணினார். வாளியும் கையுமாகக் காற்று மாமா தம்மை நோக்கி வருவதைக் கண்டதும் அவருடைய விரல் வால்வுக்குத் தானாகப் போயிற்று. பிறகு அதுவே வழக்கமாயிற்று. படிவத்தில் ஆண்டுதோறும் எழுபது கிலோ என்று எழுதினார்; அண்ணன் திடமாக இருந்த காலத்து எடை அது. பெரிய சிஸ்டர் படிவத்தை வாங்கி, எண்ணைப் பார்த்து, அவர் முகத்தைப் பார்த்து, கோப்பில் செருகுவார். காற்றடிக்க வரும் மாமாவிடம், "வேண்டாம் மாமா, பாரம் தெரியட்டும்" என்று மறுத்துவிட்டு, முந்நூறு கிலோமீட்டரையும் அமுங்கிய சக்கரத்தோடே மிதிப்பார். காற்றில்லாத சைக்கிளை மிதிப்பது ஆள் ஏறிய சைக்கிளை மிதிப்பதைவிடக் கடினம். நான்காம் நாள் அவருடைய தொடைகள் நடுங்குவதைக் கண்டு கரையோர ஊர்க்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவருடைய உண்டியலில்தான் மிகுதியாக விழுந்தது. தம்பி என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். மூன்று இயந்திரங்கள் ஒன்பதாயின. அவற்றில் ஒன்றின் மேல் அண்ணனின் பெயர் பொறித்த தகடு இருக்கிறது.

இவ்வளவோடு நின்றிருந்தால் அது ஒரு சக்கரத்தைப் பற்றிய பொய்யாக மட்டும் இருந்திருக்கும். ஆனால் திரும்பி வந்ததும் அண்ணி கதவருகிலேயே நின்று கேட்பாள்: "உங்கண்ணன் என்ன பண்ணாரு?" முதல் ஆண்டு, தோளில் ஒருமுறை தட்டினார் என்று சொல்லி வைத்தார். அவள் அந்தத் தோளைத் தொட்டுப் பார்த்தாள். அடுத்த ஆண்டு தோள் மட்டும் போதவில்லை. கணவாய் இறக்கத்தில் விசிலடித்தார் என்றார், எந்தப் பாட்டு என்று கேட்டாள், அதையும் சொன்னார். மூன்றாம் ஆண்டு, மழையில் தம் தலைக்கு மேல் கையைக் குடைபோலப் பிடித்தார் என்றார். அண்ணி ஒவ்வொன்றையும் கேட்டுச் சிரிப்பாள், அப்புறம் உள்ளே போய்ச் சற்று நேரம் வரமாட்டாள். பள்ளி விடுதியின் சலவைக் கூடத்தில் ஈரத்துணிகளைப் பிழிந்தபடி உடன் வேலை செய்கிறவர்களிடம் அவற்றையே ஆண்டு முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் இளைக்காமல் இருந்தது அந்தத் தீனியால்தான் என்று தராசுக்காரர் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். பதினோராம் ஆண்டில் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவள் கண் எதிர்பார்த்து நிற்பதைத் தாங்க முடியாமல், "உங்களைக் கேட்டாரு, அண்ணி" என்றார்.

அந்த ஒரு சொல்தான் எல்லாவற்றையும் கவிழ்த்தது. அண்ணி அன்று சிரிக்கவில்லை. மறுநாளே காற்று மாமாவின் கடைக்குப் போய் ஒரு பழைய சைக்கிளைப் பேசி முடித்தாள். அவளுக்கு ஐம்பத்தைந்து வயது. ஒரு முழங்கால் மடங்கினால் நிமிர மறுக்கும்.

"இது உங்களால ஆகாது, அண்ணி. மலை இருக்கு."

"மலை என்ன புதுசா முளைச்சிருக்கா? நீ பதினோரு தடவை ஏறலையா?"

"முட்டி வலின்னு தெனமும் முனகுறீங்களே!"

"முட்டி என்னோடது. முனகறதும் நானு. உனக்கென்ன?" என்றவள் சற்றுக் குரலைத் தாழ்த்தினாள். "இத்தனை வருஷம் உன்கூடவே வரணும்னு இருந்தாரு, சரின்னு விட்டேன். இப்போ என்னைக் கேட்டிருக்காரு. ஒரு தடவை என் பின்னால உட்காரட்டுமே, தம்பி. நீ பெரிய மனசு பண்ணு."

பெரிய மனசு பண்ணச் சொன்ன பிறகு தராசுக்காரர் தடுக்கவில்லை. பயணத்துக்கு முந்தைய மூன்று மாதம் அவள் சலவைக் கூடத்தின் பின்முற்றத்தில் பழகினாள். இரண்டு முறை விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். அந்த மூன்று மாதமும் தராசுக்காரரின் கை எடைக்கற்களில் தவறு செய்தது. அதுவரை அப்படி நடந்ததில்லை.

பன்னிரண்டாம் ஆண்டு அறுபத்து மூன்று பேர் கிளம்பினார்கள். பாலத்தில் வழக்கம்போல எல்லாரும் இறங்கி, ஆற்றைப் பார்த்து நின்றார்கள். அண்ணன் தம்மை ஒதுக்கியதுபோல அவளையும் ஒதுக்கிவிட்டால் தம் பொய் பிழைத்துக்கொள்ளும் என்ற எண்ணம் தராசுக்காரருக்கு ஒரு கணம் வந்தது; வந்ததற்கு வெட்கப்பட்டார். ஆயினும் குனிந்து ஏழு எண்ணினார். நிமிர்ந்தபோது அண்ணியின் பின்சக்கரம் இரும்பு வளையம் தரையைத் தொடும் அளவுக்கு அமுங்கியிருந்தது. அவள் ஹேண்டில்பாரை இரு கைகளாலும் இறுகப் பிடித்தபடி, அசைந்தால் போய்விடுவாரோ என்பதுபோல, மூச்சுவிடாமல் நின்றாள். காற்று மாமா வந்தார்.

"எத்தனை கிலோ, தங்கச்சி?"

"எண்பத்தொண்ணு."

"அடேயப்பா, ஆள் நல்ல வாட்டசாட்டம்!"

"வாட்டசாட்டமில்லண்ணே. தண்ணி. கடைசியில உடம்பு பூரா தண்ணி ஏறிடுச்சு."

மாமா பம்பைப் பொருத்தி மூச்சு வாங்க அடித்தார். அடித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பினவர், தராசுக்காரரின் அமுங்கிய சக்கரத்தைப் பார்த்துக் கையை நிறுத்தினார். "இவங்க பின்னால உங்கண்ணன். அப்போ உன் பின்னால யாருய்யா?"

தாயார் என்று சொல்லியிருக்கலாம். அவருடைய தாயாரும் இறந்தவர்தான். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் வால்வின் சிறிய மூடியை அவர் இன்னும் விரல்களுக்கிடையில் வைத்திருந்தார்; அண்ணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபத்தொரு பேர் மரியாதை தெரிந்தவர்கள் ஆதலால் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பதினோரு வருஷமுமா?" என்று அண்ணி கேட்டாள்.

அவர் தலையை அசைத்தார். அவள் சைக்கிளில் ஏறினாள். அன்று மாலை தங்கிய பள்ளிக்கூடத்தில், "தண்ணி வேணுமா உங்களுக்கு?" என்றாள். உங்களுக்கு என்ற அந்த மரியாதை அவர் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. இரண்டாம் நாள் முழுவதும் அவர் காற்று நிரம்பிய சக்கரத்தோடு அவளுக்குப் பின்னால் இருபதடி தள்ளி வந்தார். அத்தனை இலேசாகச் சைக்கிள் ஓடியது அதுவே முதல்முறை. அதைவிடக் கனமான நாள் ஒன்றை அவர் அறிந்ததில்லை.

மூன்றாம் நாள் முற்பகலில் கணவாயின் அடிவாரத்தை அடைந்தார்கள். அங்கிருந்து பதினோரு கிலோமீட்டர் ஏற்றம். எல்லாரும் ஏறத் தொடங்கிய பின்பும் அண்ணி கல்மேல் அமர்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தாள். தராசுக்காரர் தம் சைக்கிளோடு எதிரே நின்றார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்றாள் அவள். "அவரு ஏன் உங்க பின்னால வரல? நீங்கன்னா உயிரை விடுவாரே."

அவர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் கடைசிச் சைக்கிளும் முதல் வளைவில் மறைந்துவிட்டது. "நான் அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கே போகல, அண்ணி. ரத்தமே கொடுக்கல."

"எங்க போனீங்க?"

"பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்திருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"நாலு மணி நேரம்."

"ஏதாவது சாப்ட்டீங்களா?"

"இல்ல."

"ஆமா. வந்து என் கையாலதான் சாப்ட்டீங்க" என்றாள். பிறகு சாலையைப் பார்த்தபடி, தனக்கே சொல்லிக்கொள்வதுபோலப் பேசினாள். "பாவம் தம்பி, கொடுக்க மனசிருந்தும் கொடுத்து வைக்கலையேன்னு நான் சொல்றப்பல்லாம் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாரு. வலிபோலன்னு நினைச்சேன். தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாரு."

அவள் எழுந்து பெடலில் கால் வைத்தாள். சைக்கிள் நகரவில்லை. இறங்கித் தள்ளினாள், நாற்பது அடி போனதும் சக்கரம் பின்னோக்கி உருண்டது. லாரியிலிருந்து காற்று மாமா எட்டிப் பார்த்து, "தங்கச்சி, ஏத்திடவா?" என்று கேட்டு, கேட்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டார். அடிவாரத்தின் அந்த வெட்டவெளியில் ஓராண்டு ஒருவரை நிற்கவைக்க முடியாது என்பது மூவருக்கும் தெரியும். அண்ணி மூச்சிரைக்க, உடம்பையே முட்டுக்கொடுத்துச் சைக்கிளைத் தாங்கி நின்றாள்.

தராசுக்காரர் தம் சைக்கிளை மைல்கல்லில் சாத்திவிட்டு வந்தார். "நான் தள்ளட்டுமா, அண்ணி?"

"என்னை எதுக்குக் கேட்கிறீங்க? அவரைக் கேளுங்க."

அவர் வெற்றுக் கேரியரைப் பார்த்து நின்றார். பதினோரு ஆண்டுகளாக எழுபது கிலோ என்று எழுதிய மனிதருக்கு, அந்த இடத்தில் என்ன சொல்லிக் கேட்பது என்று தெரியவில்லை. "அண்ணே" என்று மட்டும் சொன்னார். பதில் வரவில்லை, சக்கரம் எழும்பவும் இல்லை, மேலும் அமுங்கவும் இல்லை. அவர் வலக்கையை நீட்டினார். கை காற்றில் போகவில்லை. ஒரு முதுகில் பட்டது. சில்லிட்ட, ஈரமாய் உப்பிய முதுகு. அழுத்தித் தள்ளியதும் உள்ளங்கை பதிந்த இடம் மாவுபோலக் குழிந்தது. கையை மாற்றி வைத்தபோதும் பழைய குழி மேலெழவில்லை. நீர் கோத்த உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று டயாலிசிஸ் அறையில் சொல்லக் கேட்டிருந்தார், தொட்டறிந்தது அப்போதுதான். கையை எடுக்காமல் தள்ளினார்.

பதினோரு கிலோமீட்டரை ஏற ஏழு மணி நேரம் ஆயிற்று. முன்னால் அண்ணி ஹேண்டில்பாரைப் பிடித்து நடந்தாள். அவர் பின்னால் குனிந்து தள்ளினார். மூன்றாவது வளைவு தாண்டியதும், யாரும் கேட்காமலே, கொடுத்தவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தொடங்கினார். தோளில் தட்டியது பொய், அண்ணி. மழைக்குக் கை பிடித்தது பொய். கலங்கரை விளக்கத்துப் படியில் உட்கார்ந்து அழுதது பொய். ஒவ்வொன்றுக்கும் அண்ணி "ம்" என்றாள். ஒவ்வொரு "ம்"முக்குப் பின்னும் சைக்கிள் கனத்ததாகத் தராசுக்காரருக்குத் தோன்றியது. ஆனால் அவர் கைக்குத் தெரிந்தவரை எடை கூடவில்லை. உங்களைக் கேட்டாருன்னு சொன்னது பொய். அதற்கு அவள் நின்றுவிட்டாள். சற்று நேரம் ஹேண்டில்பாரின் மேல் நெற்றியை வைத்திருந்துவிட்டு, மறுபடி நடந்தாள்.

"விசில் அடிச்சாருன்னு சொன்னேனே, அந்தப் பாட்டு..."

"அதை விடுங்க."

"அதுவும் பொய்தான் அண்ணி."

"தெரியுது. அது இருக்கட்டும்னு சொல்றேன்."

உச்சியை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அண்ணி சைக்கிளில் ஏறினாள். அவர் கையை எடுத்தார். எண்பத்தொரு கிலோவோடு சைக்கிள் இறக்கத்தில் விரைந்து போவதை அவர் பார்த்து நின்றார். விசிலெதுவும் கேட்கவில்லை. பிறகு, தம் சைக்கிளை ஏற்றி வரும் லாரிக்காகக் காத்திராமல், அவள் போன வழியே நடந்து இறங்கினார்.

அடுத்த ஆண்டு அவர் பதிவுக்கு வந்தபோது சைக்கிள் கொண்டுவரவில்லை. படிவத்தின் எடைக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார். பெரிய சிஸ்டர் அதைப் பார்த்து, முதல்முறையாகக் கட்டமும் முகமும் ஒத்துப்போவதுபோலத் தலையசைத்து, பெயருக்கு நேரே 'தள்ளுபவர்' என்று தம் கையால் எழுதிக்கொண்டார். முதல் நாளே பேருந்தில் போய்த் தராசுக்காரர் கணவாயின் அடிவாரத்தில் காத்திருந்தார். தட்டச்சுக்காரியின் தாயைத் தள்ளினார். காலை நீட்டும் வங்கிக் காவலாளியின் மனைவியைத் தள்ளினார். அவள் அவருடைய கையை ஒருமுறை தட்டிவிட்டாள், பிறகு ஒத்துக்கொண்டாள். அச்சகத் தொழிலாளிக்குத் தள்ள ஆள் தேவைப்படவில்லை. ஆயினும் அந்தத் தந்தை கேட்டுக்கொள்ள, தராசுக்காரர் மடித்த போர்வையின் மேல் இரண்டு விரலை மட்டும் வைத்து முதல் வளைவு வரை உடன் நடந்தார். ஒருவரைச் செங்குத்தான முதல் வளைவுகள் தாண்டும்வரை தள்ளிவிட்டு, காற்று மாமாவின் லாரியில் இறங்கி, அடுத்தவரிடம் வந்தார்.

எல்லாருக்கும் பின்னால், நண்பகலுக்குப் பிறகு, அண்ணி வந்தாள். அந்த ஓராண்டில் அவள் அவரைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. அவரைக் கடந்து பத்தடி போய், திரும்பிப் பார்க்காமல், பிரேக்கை அழுத்திச் சைக்கிளை நிறுத்தினாள். தராசுக்காரர் தோள் துண்டால் உள்ளங்கைகளைத் துடைத்துக்கொண்டு போய், அண்ணனின் முதுகில் கை வைத்தார்.